தாத்தாவின் பொறியும் என் 28 கால் சிப்பும்

பக்கத்து வீட்டு அத்தையின் மின்விசிறியை ஐந்தாம் எண்ணில் வைத்தாலும் இறக்கைகளை எண்ணிவிடலாம். ரந்தாவ் பக்கம் செம்பனைத் தோட்டம், தகரக் கூரை வீடு. மதிய வெயிலுக்கு அந்தக் காற்று எந்த மூலைக்குப் போதும்? புதிது வாங்க அத்தை பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

"காத்தாடிக்கு ஒன்னும் இல்ல, கெப்பாசிட்டர்தான் போயிருக்கும்" என்றார் என் தாத்தா. தோட்டத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய சோதனை எளிது. கெப்பாசிட்டரின் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று தொடவிடுவார். பொறி பறந்தால் நல்லது, பறக்காவிட்டால் குப்பை. (தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீர்கள்.) அத்தை வீட்டுக் கெப்பாசிட்டரில் பொறி பறந்தது. தாத்தா குழம்பிப் போனார்.

பொறி, உள்ளே மின்சாரம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு கொள்ளும் என்று சொல்லாது. அதை அளக்கும் வசதி எங்கள் வீட்டு மல்டிமீட்டரில் இல்லை. நான் மின்னணுப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அப்படியானால் நானே ஒன்று செய்து தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன்.

மின்னியலை இடைநிலைப்பள்ளியில் மலாயிலும் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலும் படித்தவன் நான். கருவி எப்படி அளக்கும் என்று தாத்தா தமிழில் கேட்டபோதுதான் எனக்கே அது முழுதாகப் புரியவில்லை என்று தெரிந்தது. யோசித்துவிட்டு, வீட்டுப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினேன். ஒரே குழாயில் தண்ணீர் விட்டால் சின்னத் தொட்டி சீக்கிரம் நிறையும், பெரிய தொட்டிக்கு நேரமாகும். நேரத்தைப் பார்த்தே தொட்டியின் அளவைச் சொல்லிவிடலாம். கெப்பாசிட்டர் தொட்டி, மின்தடை குழாய்.

கணக்கும் அவ்வளவுதான். 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட் கொடுத்தால், கெப்பாசிட்டர் அதில் 63.2 விழுக்காட்டை எட்ட எடுக்கும் நேரம், மின்தடையையும் கொள்ளளவையும் பெருக்கி வரும் தொகைக்குச் சமம். 2.5 மைக்ரோஃபாரட் என்றால் 25 மில்லிவினாடி. ஏடிமெகா328 சிப் 5 வோல்ட்டை 0 முதல் 1023 வரை எண்களாகப் பார்க்கிறது. எண் 647 வந்ததும் கடிகாரத்தை நிறுத்தச் சொன்னால் விடை கிடைத்துவிடும். ஒரு ஆர்டுயினோ பலகை, 0.96 அங்குலத் திரை, ஒரு பொத்தான், பேட்டரி. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் எல்லாம் வாங்கி, சோப்புப் பெட்டிக்குள் அடக்கினேன்.

இந்த வகைச் சிப்பின் அடிப்படையை வரைந்தவர்கள் நார்வேயின் டிரோண்ட்ஹெய்மில் மாணவர்களாக இருந்த ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வோல்லன் என்ற இருவர். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "எத்தனை கால்?" என்று கேட்டார். சிரம்பானில் மோட்டோரோலா காலத்திலிருந்து சிப் ஆலை உண்டு. தோட்டத்துப் பெண்கள் பலர் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறிப் போனவர்கள். அம்மாவும் பல ஆண்டுகள் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் கண் வைத்துச் சிப்புகளைச் சரிபார்த்தவர். 28 என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "பெட்டியில அடுக்கி அனுப்பினதோட சரி. இது வேலை செஞ்சு நான் பார்த்ததே இல்ல" என்றார்.

முதல் சிப்பின் வேலையை அவர் அன்றும் பார்க்கவில்லை. ஒரு பழைய விசிறியிலிருந்து கழற்றிய கெப்பாசிட்டரை அப்படியே செருகினேன். 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் சுமார் 325 வோல்ட். அதில் மிச்சம் கொஞ்சம் உள்ளே தங்கியிருந்தாலும் 5 வோல்ட் சிப் தாங்காது. சத்தமே இல்லாமல் திரை அணைந்தது. தாத்தா சிரிக்கவில்லை. "நான் ஏன் முதல்ல வயரைத் தொடவிடுறேன்னு நெனச்ச?" என்று மட்டும் கேட்டார். அவருடைய பொறி சோதனை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. இப்போது பெட்டியின் பக்கத்திலேயே ஒரு மின்தடையைக் கட்டி வைத்திருக்கிறேன். கெப்பாசிட்டரை அதன் வழியாகக் காலி செய்யாமல் எதையும் செருகுவதில்லை.

இரண்டாவது சிப் உயிரோடு இருந்தது, ஆனால் பொய் சொன்னது. புதுக் கெப்பாசிட்டர் 2.5 என்று அச்சிட்டிருக்க, திரையில் 2.41. நிரலில்தான் தவறு என்று இரண்டு இரவுகள் தேடினேன். பிறகு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அளந்தால் கெப்பாசிட்டர் 2.49, என் மின்தடை 10 அல்ல, 9.68 கிலோ ஓம்! தங்க நிறக் கோட்டுக்கு ஐந்து விழுக்காடு கூடலாம் குறையலாம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அந்த ஒரு எண்ணை நிரலில் திருத்தினேன்.

என்னுடையது குழந்தை. ஜெர்மனியின் மார்க்கஸ் ஃப்ரெயெக் தொடங்கி கார்ல்-ஹைன்ஸ் கூப்பெலர் வளர்த்த டிரான்சிஸ்டர் சோதனைக் கருவி, இதே ஏடிமெகா குடும்பச் சிப்பை வைத்துக்கொண்டு, செருகியது என்ன பாகம், எது எந்தக் கால் என்பதையே கண்டுபிடித்துவிடும். வடிவமைப்பு இணையத்தில் திறந்தே கிடக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அதுதான்.

அத்தை வீட்டுக் கெப்பாசிட்டர் 0.8 காட்டியது. 2.5 இருக்க வேண்டிய இடத்தில்! பொறி பறக்கும் அளவுக்கு இருந்தது, விசிறியை இழுக்கும் அளவுக்கு இல்லை. தாத்தா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சில ரிங்கிட் விலையுள்ள புதியதை மாட்டினார். மூன்றாம் எண்ணிலேயே சுவர் நாட்காட்டி படபடத்தது. சேர்த்த பணத்தை அத்தை மகளின் பள்ளிக் காலணிக்கு எடுத்து வைத்தார்.

கருவி இப்போது என்னிடம் இல்லை. தாத்தா தோட்டத்தில் யார் வீட்டில் விசிறி நின்றாலும் எடுத்துக்கொண்டு போகிறார். அளந்ததை 555 புத்தகத்தில் தேதியோடு எழுதுகிறார். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரே கெப்பாசிட்டர் காலையில் ஓர் எண்ணும் மதியம் வேறோர் எண்ணும் காட்டுவது ஏன் என்று கேட்டார். பேட்டரியா, வெயிலா, என் நிரலா? சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.