மழைக் கணக்கும் மழை வேண்டுதலும்

கொடைக்கானல் என்றதும் ஏரியும், பேரிக்காயும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சியும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில், ஒரு சூரிய வானாய்வுக்கூடம் இருக்கிறது. அது தோன்றியதற்கு ஒரு கொடிய பஞ்சமும் காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையும் பம்பாய் மாகாணத்தையும் பஞ்சம் வாட்டியது. மாண்டவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேல். மழை பொய்த்தது ஒரு காரணம். தானிய ஏற்றுமதியை நிறுத்தாத அன்றைய ஆட்சியின் போக்கு மற்றொரு காரணம். மழை ஏன் பொய்த்தது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளையும், அவற்றைச் சோதித்துப் பார்த்த விதத்தையும் இங்கே காண்போம்.

மழை வேண்டி

தெய்வம் சினம் கொண்டால் மழை நின்றுவிடும் என்பது பழைய நம்பிக்கை. கொடும்பாவி கட்டி இழுத்தல், கழுதைகளுக்குத் திருமணம் செய்தல், மழைக்கஞ்சி காய்ச்சுதல், வருண ஜபம் என்று நம் ஊர்களில் வழக்கங்கள் பல உண்டு. மேல்நாட்டிலும் தேவாலயங்களில் நல்ல வானிலைக்காகப் பிரார்த்தனை செய்தார்கள்.

இவ்வழக்கங்களை மறுத்துக் கேள்வி கேட்டவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் பெரியார் 1925-ல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தை நீங்கள் அறிவீர்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சில காலம் தாவரவியல் கற்பித்த கோரா, 1940-ல் ஆந்திரத்தில் நாத்திகர் மையத்தை நிறுவினார். அங்கே இலங்கையில், தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றிய ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறைகூவல் விடுத்தார்.

வானிலை ஆர்வலர் ஒருவர் இத்தகையோரைச் சந்தித்தால் என்ன பேசுவார்? இருவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. “அது உண்மை என்று எப்படித் தெரியும்?” என்பதே அது.

வானிலை அறிஞரின் கணக்கு

அப்படிக் கேட்ட வானிலை அறிஞர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன். ‘எதிர்ச்சூறாவளி’ என்ற கருத்தை 1863-ல் அறிமுகப்படுத்தியவர் இவரே. 1875-ல் செய்தித்தாளில் வெளிவந்த முதல் வானிலைப் படத்தைத் தயாரித்தவரும் இவரே. பிரார்த்தனை பலிக்கிறதா என்பதைப் புள்ளி விவரம் கொண்டு 1872-ல் இவர் ஆராய்ந்தார்.

இவர் கையாண்ட வழி மிக எளியது. மன்னர் நீடூழி வாழ வேண்டும் என்று நாடு முழுவதும் வாரந்தோறும் வேண்டுகிறார்கள். அப்படியானால் மன்னர்களுக்கு ஆயுள் அதிகமாக இருக்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டி வாழ்ந்தவர்களை மட்டும் எடுத்து, விபத்துச் சாவுகளை நீக்கிக் கணக்கிட்டார். அரச குடும்பத்தினரின் சராசரி ஆயுள் 64 ஆண்டு. நிலவுடைமைக் குடும்பத்தினரின் ஆயுளோ 70 ஆண்டு!

இந்தக் கணக்கே முடிந்த முடிபு என்று எண்ணிவிடக் கூடாது. மன்னர்களின் வாழ்க்கை முறை வேறு, கவலைகள் வேறு. மனமுருகாமல் உதட்டளவில் சொல்லும் வேண்டுதலை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்றும் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தாம். இதே கால்டன், மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தலாம் என்ற தவறான, தீங்கு விளைத்த கொள்கைக்கும் தந்தையானார். ஆகவே சொன்னவர் யார் என்பதைவிடச் சான்று என்ன என்பதே முக்கியம்.

மழை வந்ததே!

“எங்கள் ஊரில் பூசை செய்த மூன்றாம் நாளே மழை கொட்டியது” என்று யாரேனும் சொன்னால் என்ன விடை கூறுவது? அவர் பொய் சொல்லவில்லை. மழை வந்தது உண்மையே. ஆனால் பூசை எப்போது நடந்தது? வறட்சி முற்றிய பிறகு, பெரும்பாலும் மழைக்காலம் நெருங்கும்போது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. அதற்குச் சற்று முன் எதைச் செய்தாலும் மழை பின்தொடரும் அல்லவா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மாதத்தின் 30 நாட்களில் 12 நாள் மழை பெய்யும் எனக் கொள்வோம். ஒரு நாள் மழை பெய்யாதிருக்க வாய்ப்பு 18/30, அதாவது 0.6. தொடர்ந்து மூன்று நாளும் பெய்யாதிருக்க வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6 = 0.216. எனவே மூன்று நாட்களில் ஒரு நாளாவது மழை பெய்யும் வாய்ப்பு 0.784. நூற்றுக்கு 78! மழை நாட்கள் கூட்டமாக வருவதால் உண்மையில் இது சற்றுக் குறையலாம். ஆயினும் எந்தப் பூசையும் செய்யாதவருக்கும் இதே வாய்ப்புத்தான்.

ஆகவே, பூசை நடந்த ஆண்டுகளை மட்டும் பார்த்தால் போதாது. நடக்காத ஆண்டுகளில் அதே நாட்களில் மழை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். மழை வராத பூசைகளையும் மறக்காமல் எண்ண வேண்டும்.

பழனி மலையே ஒரு பாடம் சொல்கிறது. கொடைக்கானலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை. வட அடிவாரத்தில், நாடெங்கிலுமிருந்து பக்தர்கள் திரளும் பழனி நகரிலோ அதில் பாதிகூட இல்லை. பக்திக்கு ஏற்ப மழை பெய்வதாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்! மலைமீது ஏறும் காற்று குளிர்ந்து ஈரத்தை மழையாகக் கொட்டுகிறது. மறுபுறம் இறங்கும் காற்று வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. இதுவே மழை மறைவு.

அறிஞர்களின் நம்பிக்கை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். நம்பிக்கை கோயிலில் மட்டும்தான் இருக்கும் என்பதில்லை, அறிவியலாரிடமும் உண்டு.

சூரியனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. 1877-ல் வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி, 1813 முதலான சென்னை மழைக் கணக்கை எடுத்து, புள்ளிகள் குறைந்த ஆண்டுகளையொட்டி மழையும் குறைகிறது என்றார். வானியல் அறிஞர் நார்மன் லாக்கியரும் இதை ஆதரித்தார். சூரியனைக் கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை வலுத்தது. கொடைக்கானலில் வானாய்வுக்கூடம் அமைக்க 1893-ல் முடிவாயிற்று. 1899-ல் அது நிறுவப்பட்டது. முதல் இயக்குநர் மிக்கி ஸ்மித்.

ஆனால் ஹன்டர் கையில் இருந்தவை ஆறே ஆறு சுழற்சிகள். அதுவும் ஓர் ஊரின் மழை. நாணயத்தை ஆறு முறை சுண்டிவிட்டு முடிவு சொல்லலாமா? 1904-ல் இந்திய வானிலைத் துறையின் தலைவரான கில்பர்ட் வாக்கர் கணித மேதை. உலகெங்கும் உள்ள பல நிலையங்களின் மழையைக் கரும்புள்ளிகளோடு ஒப்பிட்டார். கிடைத்த தொடர்பு மிகச் சிறியது; மழையை முன்கூட்டிச் சொல்ல உதவாதது. அறிஞர்களின் ஆசைக் கோட்பாடும் அதே உரைகல்லில் தோற்றது!

வாக்கர் அத்துடன் நிற்கவில்லை. பசிபிக் கடலில் ஒருபுறம் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்தியப் பெருங்கடல் பக்கம் தாழ்வதைக் கண்டு, அதற்குத் ‘தென் அலைவு’ என்று பெயரிட்டார். இது பசிபிக் நீர் வெப்பமடையும் எல் நினோவுடன் இணைந்தது என்று 1969-ல் பியர்க்னஸ் காட்டினார். தென்மேற்குப் பருவமழை பொய்த்த 1877-ல் மிக வலுவான எல் நினோ இருந்தது என்பதை இன்று அறிவோம். இதுவும் மாறாத விதியன்று. 1997-ல் எல் நினோ வலுவாக இருந்தும் இந்தியாவின் பருவமழை இயல்பாகவே பெய்தது.

கொடைக்கானலில் செய்த உழைப்பு வீணாகிவிட்டதா? இல்லை. 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்தே கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அது ‘எவர்ஷெட் விளைவு’ எனப்படுகிறது. நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுத்த சூரியப் படங்கள் உலக அறிஞர்களுக்கு இன்றும் பயன்படுகின்றன.

நீங்கள் செய்யலாம்

மழைமானி கொண்டு கடவுள் உண்டா இல்லையா என்று அளக்க முடியாது. இந்தச் சடங்கு செய்தால் மழை வரும் என்ற கூற்றை அளக்க முடியும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீட்டில் பாட்டி மழைக்கஞ்சி காய்ச்சும்போது ஏளனம் செய்யவும் வேண்டாம். பஞ்சத்தை நேரில் கண்டவர்களின் அச்சத்திலிருந்து பிறந்தது அது. நாத்திகர் ஒருவர் சொல்லிவிட்டார் என்பதற்காக எதையும் ஏற்றுவிடவும் வேண்டாம். அவரிடமும் சான்று கேளுங்கள்; நல்ல பகுத்தறிவாளர் மகிழ்ச்சியோடு தருவார்.

பக்கங்கள் நேராக உள்ள, அடி தட்டையான ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் ஆழத்தை அளவுகோலால் அளந்து, தேதியுடன் எழுதுங்கள். வானிலைத் துறை அளக்கும் நேரமும் அதுவே. 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அது ‘மழை நாள்’. மழை இல்லாத நாளிலும் ‘0’ என்று எழுத மறக்காதீர்கள். அந்தச் சுழியங்கள் இல்லாவிட்டால் எந்தக் கூற்றையும் சோதிக்க முடியாது.

ஊரில் மழை வேண்டிச் சடங்கு நடந்தால் அந்தத் தேதியையும், “நாளை கட்டாயம் மழை” என்று யாரேனும் சொன்னால் அந்தத் தேதியையும் அதே ஏட்டில் குறித்து வையுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். விடையை அந்த ஏடே சொல்லும்.