காற்றில் நிற்கும் சித்திரத் தாங்கி

ஒல்லாந்து தேசத்து ஓவியர் வின்சென்ற் வான் கோ 1888ஆம் ஆண்டு பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஆர்ள் நகரிற் குடியேறினார். வயல்வெளியில் நின்று தீட்டுவதே அவர் விருப்பம். அதற்குப் பெரும் இடையூறாக வாய்த்தது மிஸ்ட்ரல் என்னும் வடகாற்று. ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வழியே நாட்கணக்காக வீசும் அக்காற்று, வெளியில் நிறுத்திய தாங்கியை ஓயாது ஆட்டிற்று.

காற்றின் கொடுமை அவருக்குப் புதிதன்று. 1882இல் ஒல்லாந்தின் ஸ்கெவனிங்கன் கடற்கரையில் அவர் தீட்டிய படத்தில், ஈர வர்ணத்தில் ஒட்டிய மணற்றுகள்களை இன்றும் காணலாம். மணல் ஒட்டிய படமாவது பிழைத்தது. தாங்கி சாய்ந்து, ஈரக் கித்தான் முகங்குப்புற வீழ்ந்தால் பல மணி நேர உழைப்பும் கணத்தில் அழிந்துவிடும்.

தாங்கி ஏன் சாய்கிறது? சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான், காற்றின் முன் ஒரு பாய்மரச் சீலையே. 60 சென்ரிமீற்றர் அகலமும் 75 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கித்தானை மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று நேரே தாக்கினால், ஏறக்குறைய 3 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை அதைத் தள்ளும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். அவ்விசை நெஞ்சுயரத்தில் தாக்குவதால், இலேசான மரத்தாங்கி எளிதிற் கவிழ்ந்துவிடும்.

கால்கள் மூன்றாயிருப்பது ஒரு நன்மை. மேடுபள்ளமான நிலத்தில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. ஆயினும் ஆடாதது வேறு, சாயாதது வேறு. சாயாதிருக்கக் கால்களை நன்கு அகட்டி, ஒரு காலைக் காற்றுப் போகும் திசையில் நீட்டி ஊன்றவேண்டும். சரிவான நிலமாயின் இரு கால்கள் தாழ்ந்த பக்கத்தில் இருத்தல் வேண்டும். கித்தானின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தினால் தள்ளுவிசை வெகுவாகக் குறையும். ஆனால் ஓவியன் நாடும் காட்சி அதற்கு எப்பொழுதும் இசைவதில்லையே!

அடுத்தது பாரம். கற்கள் நிரப்பிய பையொன்றைக் கால்கள் கூடும் இடத்திலிருந்து தொங்கவிடுவது வழக்கம். பை அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே தாங்கியை அசைக்கும். ஆகவே அதன் அடி தரையைச் சற்றே தொடும்படி கயிற்றை அளந்து கட்டுதல் நன்று.

மிஸ்ட்ரல் போன்ற காற்றுக்கு இதுவும் போதாது. வான் கோ கையாண்ட முறையை, 1888 ஜூன் மாதத்தில் நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரித்துள்ளார். தாங்கியின் கால்களை மண்ணிற் புதைத்து, அவற்றின் அருகே 50 சென்ரிமீற்றர் நீளமான இரும்பு முளைகளை இறக்கி, யாவற்றையும் கயிற்றாற் பிணைத்தார். ஆடுமாடு கட்டுவோரும் கூடாரம் அடிப்போரும் நன்கறிந்த உபாயந்தான் இது. இங்கே தாங்கியைக் காப்பது அதன் எடையன்று, நிலத்தின் பிடிப்பே.

இந்த முறை இறுகிய மண்ணுக்கே பொருந்தும். இளமணலில் முளை நில்லாது. அங்கே பாரமே துணை. கடலலைக்கோ எதுவும் துணையில்லை. 1885இல் எத்ரெத்தாக் கடற்கரையில், வற்றும் கடலென்று நம்பித் தீட்டிக்கொண்டிருந்த குளோட் மொனேயைத் திடீரென எழுந்த அலை பாறையில் மோதிற்று. படமும் தாங்கியும் கடலோடு போயின.

தாங்கியை நிறுத்தியபின் கித்தானை ஏற்றுமுன், அதன் உச்சியைக் கையால் நாற்புறமும் தள்ளிப் பார்க்கவேண்டும். வேலையின் நடுவே காற்று வலுத்தால் முதலிற் கழற்றவேண்டியது கித்தானையே. தாங்கியைப் பின்னர் ஆறுதலாக மடக்கலாம்.