தீவில் சில நாட்கள்

ஜவளகிரிக் காட்டோரத்தில் வாழும் நமக்குக் கடல் நெடுந்தொலைவு. ஆதலால் பாம்பன் தீவுக்குச் செல்வோர் யாவற்றையும் ஒரே நாளில் கண்டு திரும்ப விழைகின்றனர். அஃது ஓய்வன்று, ஓட்டம்! இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களுக்கே ஒரு முற்பகல் வேண்டும். மூன்று நாட்களேனும் தங்குக.

எப்பொழுது செல்வது? அரையாண்டு விடுமுறை டிசம்பரில் வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் காலமும் அதுவே. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற இரயிலைப் பயணிகள் நூற்றுவருக்கு மேற்பட்டோருடன் கடல் கொண்டது. ஆகவே அம்மாதத்தில் வானிலை அறிக்கை கேளாமல் புறப்படலாகாது.

கோடை விடுமுறையே ஏற்றது. நண்பகலை உறக்கத்துக்கு விடுக. விடியலிலும் மாலையிலும் கரையில் உலாவுக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வலை செப்பனிடும் மீனவரோடு அமர்ந்து உரையாடலாம். அரிச்சல்முனையில் மட்டும் நீரோட்டம் வலிது, அங்கே குளித்தலாகாது.