ஆஸ்பத்திரியில் பீர்

கப்பலில் காய்ச்சலோடு வந்து இறங்கிய டச்சு மாலுமிகள் முனகிக்கொண்டு கிடந்த கூடங்களில் இப்போது பீர் கோப்பைகள் மோதிக்கொள்கின்றன. கொழும்பு கோட்டைப் பகுதியில், துறைமுகத்துக்கு அருகே, 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட டச்சு ஆஸ்பத்திரி இன்று மதுக்கூடங்களும் உணவகங்களும் கடைகளும் கொண்ட வளாகம்.

நடுவில் அது பட்டபாடு கொஞ்சமல்ல. 1980களில் போலீஸ் நிலையமானது. 1996 ஜனவரி 31இல், அருகிலிருந்த மத்திய வங்கியை விடுதலைப் புலிகள் குண்டு வைத்துத் தாக்கினர். 90 பேருக்கு மேல் இறந்தனர். ஆஸ்பத்திரிக் கட்டடமும் சேதமடைந்தது. 2009இல் போர் முடிந்த பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை ராணுவத்தினரின் உழைப்போடு அதைச் சீரமைத்தது. 2011 டிசம்பரில் கதவுகள் திறந்தன.

புதிதாக எதையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. ஐந்து கட்டுகள், இரண்டு முற்றங்கள், அரை மீட்டர் கனச் சுவர்கள், தேக்கு உத்தரங்கள், ஓட்டுக் கூரை. நோயாளிகளுக்குக் காற்று வேண்டும் என்று விடப்பட்ட முற்றங்கள் மாலை நேர மேஜைகளுக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. ஆனால் இத்தகைய வேலையில் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஈரம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பூச்சு உதிரும். கடற்காற்று வீசும் ஊரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். சமையலறைப் புகையும் ஏர்கண்டிஷனர் குழாய்களும் அடுத்த தலைவலி.

கிரிக்கெட் வீரர்கள் சங்கக்காராவும் ஜெயவர்த்தனேவும் பங்குதாரர்களாக உள்ள நண்டு உணவகம்தான் இங்கு பிரபலம். தினக்கூலிக்காரருக்கு அந்த நண்டு எட்டாது. பொதுச் சொத்து வசதியானவர்களின் விருந்து மண்டபமாகலாமா என்ற கேள்வி நியாயமானதே.

மாற்று வழி என்ன? மெட்டுகுடாவுக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. செகந்திராபாத் ரயில் நிலையத்தின் பழைய முகப்பு, நிலைய மறுசீரமைப்புக்காக 2025இல் இடிக்கப்பட்டது. தினம் அதைக் கடந்து போனவர்களுக்கு இனி புகைப்படம்தான்.

கொழும்பின் வழியும் ஆபத்தில்லாததல்ல. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று இலங்கைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் அடுத்தடுத்துக் குறைந்தனர். விருந்தாளி வந்தால்தான் வாடகை; வாடகை வந்தால்தான் ஓடு மாற்ற முடியும். வைத்தியம் பார்த்த கட்டடத்துக்கு இப்போது வியாபாரம்தான் மருந்து.