சிரிக்காத மாமாவுக்கு ஒரு பதில்

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். வீட்டில் எல்லோரும் ‘சூது கவ்வும்’ படம் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்க, இவருக்கு மட்டும் உதடு பிரியவில்லையாம். ஆள் கடத்துகிறவர்களோடு இரண்டு மணி நேரம் எப்படி உறவாடுவது என்பது அவர் குறை. மறுநாள் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருக்கிறான்: டார்க் காமெடியை ரசிப்பவர்களுக்கு மூளை அதிகம், ஆராய்ச்சியில் நிரூபணம். அப்படியானால் எனக்குக் கம்மியா என்கிறார் மாமா.

அந்த ஆராய்ச்சி உண்மைதான். 2017இல் வியன்னாவில் நடந்தது. 156 பேரிடம் 12 டார்க் காமெடிக் கேலிச்சித்திரங்களைக் காட்டினார்கள். அதிகம் புரிந்து அதிகம் ரசித்தவர்கள் அறிவுத்திறன் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். மற்றவர்கள் மக்குகள் அல்ல, சராசரி. பன்னிரண்டு சித்திரத்தைப் புரட்டுவதும் ஒரு படம் முழுக்க உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகுமா? கேலிச்சித்திரத்தில் வரும் ஆளோடு நாம் குடித்தனம் நடத்த வேண்டியதில்லை. இதையெல்லாம் வாட்ஸ்அப் சொல்லாது.

என்னைக் கவர்ந்த விஷயம் வேறு. 2010இல் பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். சிரிப்பு வர மனம் இரண்டு தீர்ப்புகளை ஒரே நேரத்தில் எழுத வேண்டும்: ‘இது தப்பு’, ‘ஆனால் பரவாயில்லை.’ முதலாவது மட்டும் இருந்தால் எரிச்சல். இரண்டாவது மட்டும் இருந்தால் கொட்டாவி.

சங்கரன்கோவில்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்? அவர் ஊர்க் கோயிலில் ஒரே உருவத்தில் பாதி சிவன், பாதி திருமால். யார் பெரியவர் என்று சிவன் கட்சிச் சங்கனும் திருமால் கட்சிப் பதுமனும் மல்லுக்கு நின்றார்கள். இருவரையும் ஒன்றாகப் பார்க்கக் கோமதி அம்மனே தவம் இருக்க வேண்டியிருந்தது, ஆடித்தபசு திருவிழா அதற்குத்தான். அம்மன் தவமிருந்து பெற்ற காட்சியை, டார்க் காமெடி முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்தவரிடம் நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கிறது. கிடைக்காதவர் சங்கனாகவோ பதுமனாகவோ எழுந்து போகிறார். அந்தக் கோயிலின் புற்றுமண் பிரசாதத்தைப் பூசினால் சரியாகுமா என்று கேட்காதீர்கள். உவமையை இதோடு விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது தீர்ப்பு ஏன் சிலருக்கு வருவதில்லை? மெக்ரா, வாரன் ஆய்விலேயே ஒரு கதை: ஆள் சேர்க்க ஒரு தேவாலயம் பெரிய கார் ஒன்றைக் குலுக்கலில் தருகிறது. கோயிலுக்குப் போகிறவர்கள், போகாதவர்கள் இரு தரப்புக்கும் அது தப்பாகவே பட்டது. ஆனால் சிரிப்பு அதிகம் வந்தது போகாதவர்களுக்குத்தான். ஜோக் எல்லோருக்கும் புரிந்தது. வித்தியாசம், யாருடைய பொருளின் மேல் கை விழுந்தது என்பதில்.

இப்போது படத்துக்கு வருவோம். நலன் குமாரசாமியின் 2013 படம். விஜய் சேதுபதியின் தாஸ், தன் கண்ணுக்கு மட்டும் தெரியும் காதலியோடு பேசிக்கொண்டு, கடத்தலுக்குச் சட்டதிட்டம் வைத்திருக்கும் ஆள். ‘பரவாயில்லை’ என்று நம்மைச் சொல்லவைக்க இயக்குநர் போட்ட தூண்டில் அது. ஆனால் கதையில் எம்.எஸ். பாஸ்கர் நடித்த நேர்மையான அமைச்சர் ஒருவர் இருக்கிறார். கடைசியில் அவர் ஓரங்கட்டப்பட, தன்னைக் கடத்தியவர்களோடு பேரம் பேசிய மகன் பதவிக்கு வருகிறான். லஞ்சத்துக்குக் கை நீட்டாமலே ஓய்வுபெற்ற ஒருவருக்கு இங்கே குலுக்கலில் போனது சொந்தக் கோயில்.

அந்த முடிவு ஏன் உறுத்துகிறது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2006இல் நரம்பியல் ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு 32 பேரின் மூளையை ஸ்கேன் செய்தது. விளையாட்டில் ஏமாற்றியவனுக்கு வலித்தபோது, ஆண்களின் மூளையில் பரிதாபக் குறி குறைந்தது. 32 பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனாலும் ஏமாற்றுக்காரன் அடி வாங்கினால் பார்க்கச் சுகம் என்பது தெருவுக்கே தெரியும். இந்தப் படம் அதைத் தலைகீழாக்குகிறது: ஏமாற்றுக்காரன் ஜெயிக்கிறான், யோக்கியன் தோற்கிறான்.

சிரிப்பைப் பற்றி முன்னோர் என்ன சொன்னார்கள் என்று கேட்பீர்கள். தொல்காப்பியம் நகைக்குச் சொன்ன நான்கு காரணங்களில் எள்ளல் முதலாவது. சிரிக்க வேண்டுமானால் மனம் சற்றுநேரம் மரத்துப்போக வேண்டும் என்று 1900இல் பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன் எழுதினார். மாமாவின் மனம் மரத்துப்போக மறுத்தது, அவ்வளவுதான்.

ஆக, மாமா, ஜோக் உங்களுக்குப் புரியாமல் இல்லை, புரிந்ததால்தான் சுட்டது. தங்கை மகனுக்கும் ஒரு வார்த்தை: 2011இல் வந்த, டார்க் காமெடி கலந்த ‘ஆரண்ய காண்டம்’ படம் இரண்டு தேசிய விருதுகள் வாங்கியது, தியேட்டரில் ஓடவில்லை. அதற்காகத் தமிழ்நாட்டுக்கே மூளை கம்மி என்று சொல்லிவிட முடியுமா, தம்பி?