நீரில் மறைந்து வாழும் இனங்கள்

தோட்டத்து ஓடையில் ஒரு குவளை நீரை முகந்து பார்த்தால், தட்டானின் இளவுயிர், கொசுப்புழு எனப் பல சிற்றுயிர்கள் நெளியக் காண்போம். அவற்றுள் எது எவ்வினம் என அறிவது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. நம் உயிரைக் காக்கும் அறிவாகும். இதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

1901ஆம் ஆண்டில் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நிலத்தை வடியச் செய்து, காட்டையும் வெட்டுவித்தார். மலேரியா தணிந்தது. ஆயின், குன்றுப்புறத் தோட்டங்களில் காடு வெட்டப்பட்டபோது அந்நோய் பெருகிற்று. காரணம் யாது? சதுப்பில் வாழ்ந்த அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு நிழலை நாடுவது. குன்றுப்புறத்து அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடையை நாடுவது. ஒன்றை ஒழித்த முறையே மற்றொன்றை வளர்த்துவிட்டது.

இவ்விரண்டையும் தேர்ந்தோர் உருவத்தால் பிரித்தறிவர். உருவத்தில் ஒத்து, இனத்தால் வேறுபடுவனவும் உள. அவற்றைப் பிரித்தறிய டி.என்.ஏ. துணைபுரிகிறது. அது உயிரணுக்களுக்குள் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட ஏடு போன்றது. அதில் ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளைக் கொண்டே விலங்கினங்களை அடையாளம் காணலாம் எனக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக அறிஞர் பால் ஹெபர்ட்டும் குழுவினரும் 2003இல் எடுத்துரைத்தனர். பூச்சியின் ஒரு காலே சோதனைக்குப் போதும். புழுவாயினும் சிறகு முளைத்த பூச்சியாயினும் அவ்வெழுத்துகள் மாறுவதில்லை. ஓரினம் என எண்ணியவற்றுள் எழுத்துகள் பெரிதும் வேறுபடின், அங்கே வேறினம் மறைந்திருக்கலாம் என ஐயுற்று, உருவத்தையும் வாழிடத்தையும் மீண்டும் ஆராய்வர்.

சரவாக்கின் கப்பிட் வட்டாரத்தில், குரங்குகளிடம் காணப்படும் நோலெசி மலேரியா மனிதர் பலரையும் பற்றியிருப்பதை 2004இல் டி.என்.ஏ. சோதனை வெளிப்படுத்தியது. அங்கே அதனைப் பரப்பும் கொசு அனோபிலிஸ் லேட்டன்ஸ். நெடுங்காலம் வேறோர் இனத்தின் பெயருள் அடங்கியிருந்த அது, 2005இல்தான் தனிப்பெயர் பெற்றது. இலத்தீன் மொழியில் 'லேட்டன்ஸ்' என்றால் 'மறைந்திருப்பது' என்று பொருள். காட்டிலும் காட்டோர விளைநிலங்களிலும் அந்தி முதலே அது கடிப்பதால், வீட்டினுள் மருந்து தெளிப்பது மட்டும் போதாது.

ஆதலின் பெற்றோரே, காட்டோரம் வேலைக்குச் செல்லுங்கால் உடலை மூடும் ஆடை அணிவீர். காய்ச்சல் கண்டால் காலந்தாழ்த்தாது குருதிச் சோதனை செய்துகொள்வீர். மாணவச் செல்வங்களே, ஓடையில் நெளியும் சிற்றுயிரையும் எளிதென எண்ணாதீர். கூர்ந்து நோக்கிக் கற்பீராக.