ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ‘டொக்’ என்கிறதா?

காரை நிறுத்துவதற்காக மெதுவாகத் திருப்புகிறீர்கள். ஸ்டீயரிங் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். உள்ளங்கையிலும் லேசாக ஒரு தட்டு. மறுபக்கம் திருப்பினால் மறுபடி ‘டொக்’. சாலை கொஞ்சம் பெயர்ந்திருந்தால் போதும், வழியெல்லாம் லொடலொடவென்று கூடவே வருகிறது.

மின் பவர் ஸ்டீயரிங் உள்ள காரில் இந்தச் சத்தம் என்று சொன்னதுமே, “ஸ்டீயரிங் காலம் அசெம்ப்ளியே மாத்தணும் சார்” என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. பல ஆயிரம் ரூபாய் வேலை அது. சத்தம் எங்கே பிறக்கிறது என்று கை வைத்துப் பார்க்காமல் அதற்குத் தலையாட்டாதீர்கள். சில நூறு ரூபாய் ரப்பர் ஒன்று தேய்ந்ததுகூடக் காரணமாக இருக்கலாம். அதே சமயம், ஒரு போல்ட் தளர்ந்து உயிருக்கே உலை வைக்கும் நிலையாகவும் இருக்கலாம். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும்.

என் காரில் இருப்பது மின் ஸ்டீயரிங்தானா?

பானெட்டைத் திறந்து பாருங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றும் டப்பா இல்லாமல், ஸ்டீயரிங் மட்டும் லேசாகத் திரும்புகிறது என்றால் மின் ஸ்டீயரிங்தான். அதில் ஆயிலே கிடையாது. “பவர் ஸ்டீயரிங் ஆயில் மாத்தினா சத்தம் போயிடும்” என்று யாராவது சொன்னால், வேறு பட்டறை பாருங்கள்.

அது எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, எவ்வளவு அழுத்தித் திருப்புகிறீர்கள் என்பதை டார்க் சென்சார் (முறுக்கும் விசையை அளக்கும் கருவி) கணக்கிடும். ஒரு சிறிய கணினி அதைப் பார்த்து மின் மோட்டாரை இயக்கும். மோட்டாரின் தண்டு ஒரு திருகுப் பல்லைச் சுற்ற, அது ஒரு பற்சக்கரத்தைச் சுற்ற, உங்கள் கைவேலை வெகுவாகக் குறையும்.

சிறிய, நடுத்தர கார்கள் பலவற்றில் இந்த மோட்டார் இருப்பது எஞ்சின் பக்கம் அல்ல. உங்கள் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டீயரிங் காலத்திலேயே (ஸ்டீயரிங் வீலின் தண்டும் அதைத் தாங்கும் கூடும்) பொருத்தப்பட்டிருக்கும். அதனால்தான் அதில் கோளாறு வந்தால் சத்தம் மடிக்கு நேராகவே கேட்கிறது. பெரிய கார்கள் பலவற்றில் மோட்டார் கீழே, சக்கரங்களைத் தள்ளும் ராக்கில் இருக்கும். இங்கே நான் சொல்வது முக்கியமாக முதல் வகையைப் பற்றி.

அந்த ரப்பர் என்ன?

மோட்டார் தண்டும் திருகுப் பல்லும் இரும்போடு இரும்பாக நேரே பூட்டப்பட்டிருக்காது. நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு சிறிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு உட்கார்ந்திருக்கும். இதுதான் கப்ளிங் (இரண்டு தண்டுகளை அதிர்ச்சி இல்லாமல் இணைக்கும் துண்டு). வீட்டு மிக்ஸியில் ஜாருக்கு அடியில் தேய்ந்துபோகும் கப்ளரைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே வேலை, அதே தலைவிதி.

டேஷ்போர்டுக்கு அடியில் வெயில் சூடு, மோட்டாரின் சூடு, ஒவ்வொரு திருப்பத்திலும் இடமும் வலமுமாக விழும் அடி. சில ஆண்டுகளில் ரப்பர் இறுகி, வெடித்து, கறுப்புத் துகளாக உதிர்கிறது. அது நிரப்பியிருந்த இடம் காலியானதும், மோட்டாரின் இரும்புப் பற்கள் அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் எதிர்ப் பல்லில் மோதுகின்றன. நீங்கள் கேட்கும் ‘டொக்’ அதுதான். ஹூண்டாய், கியா நிறுவனங்களின் பல மாடல்களில் இது மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன கோளாறு. அவர்களிடம் ‘எம்.டி.பி.எஸ். கப்ளிங்’ என்று சொன்னாலே புரியும் (அந்த நிறுவனங்கள் தங்கள் மின் ஸ்டீயரிங்குக்கு வைத்திருக்கும் பெயர் எம்.டி.பி.எஸ்.).

சத்தம் கப்ளிங்கிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதை நீங்களே பார்த்துவிடலாம். சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்ப வேண்டாம். நேராக வைத்து, இரண்டு விரல்கடை தூரம் மட்டும் இடமும் வலமுமாகச் சட்சட்டென்று ஆட்டுங்கள். கார் அசையாமல் நிற்கும்போதே முழங்காலுக்கு மேலிருந்து ‘டொக் டொக்’ வந்தால், சந்தேகம் ஸ்டீயரிங் காலத்தின் மேல்.

இப்போது வீட்டில் ஒருவரை ஸ்டீயரிங்கை அப்படியே ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கதவுப் பக்கம் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கை விடுங்கள். தடித்த டப்பா போல ஒரு மோட்டார் தட்டுப்படும். அதன்மேல் உள்ளங்கையை வையுங்கள். ஒவ்வொரு ‘டொக்’கும் அந்த மோட்டாரின் கழுத்தில் பளிச்சென்று தட்டினால், அநேகமாகக் கப்ளிங்தான். வயர்களையோ கனெக்டர்களையோ இழுக்காதீர்கள்.

அங்கே தட்டவில்லையா? கையை இன்னும் கீழே, பிரேக் பெடலுக்கு மேலே கொண்டுபோங்கள். அங்கே இடைத்தண்டு (காலத்தையும் கீழேயுள்ள ராக்கையும் இணைக்கும் தண்டு) இருக்கும். அதன் முனைகளில் கிராஸ் ஜாயிண்ட் இருக்கும். அதைக் கவ்விப் பிடிக்க ஒரு போல்ட் இருக்கும். தட்டு அங்கே உணரப்பட்டால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம். இது நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடும் விஷயமே இல்லை. அந்த போல்ட் கழன்றால் ஸ்டீயரிங் உங்கள் கையில் சும்மா சுற்றும், சக்கரம் அதன் போக்கில் போகும். காரை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.

கார் நிற்கும்போது சத்தமே இல்லை, பள்ளத்தில் இறங்கினால்தான் வருகிறது என்றால்?

அப்படியென்றால் பழியை ஸ்டீயரிங்மேல் போட அவசரப்படாதீர்கள். லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் என்று முன் சக்கரத்தைச் சுற்றியே ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. இவற்றில் மிக அடிக்கடி பிடிபடுவது லிங்க் ராடு. விலையும் குறைவு, மாற்றவும் அதிக நேரம் ஆகாது.

முன் சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, டயரை இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இடவலமாக ஆடினால் டை ராடு எண்ட் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் நுனி) அல்லது ராக் எண்ட். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். டை ராடு எண்டும் பால் ஜாயிண்டும் கழன்றால் சக்கரம் கோணிக்கொள்ளும். அவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

வண்டி நகரும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் ‘கட கட கட’ என்று வரிசையாக வருகிறதா? அது ஆக்ஸிலின் வெளிப்பக்க ஜாயிண்ட். ஸ்டீயரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்கேனர் போட்டால் தெரியாதா?

தெரியாது. ஸ்கேனர் மின்சாரக் கோளாறைப் படிக்கும். ரப்பர் தேய்ந்ததை அதற்குச் சொல்ல ஆள் கிடையாது. கப்ளிங் முழுதாக உதிர்ந்த காரிலும் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்கலாம். “ஸ்கேன் பண்ணிட்டோம், ஒண்ணும் இல்ல, நார்மல் சத்தம்தான்” என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தால், சர்வீஸ் அட்வைசரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, மேலே சொன்னபடி ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்பே சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து வைப்பதும் நல்லது. பட்டறைக்குப் போனதும் சத்தம் வராமல் போவது எல்லாக் கார்களுக்கும் உள்ள குணம்.

வாரண்டி காலம் முடியவில்லை என்றால் வெளியில் திறக்கவே திறக்காதீர்கள். “ஸ்டீயரிங்கில் ‘டொக்’ சத்தம்” என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

கப்ளிங் தேய்ந்த காரை ஓட்டலாமா?

கப்ளிங் மட்டும்தான் என்று உறுதியானால், பதற வேண்டியதில்லை. ஸ்டீயரிங் வீலிலிருந்து சக்கரம் வரை போகும் தண்டுத் தொடர் இந்த ரப்பர் வழியாகப் போகவில்லை. மோட்டாரின் உதவி மட்டும்தான் இதன் வழியாக வருகிறது. உதவி நின்றே போனாலும் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்குமே தவிர, திரும்பாமல் போகாது. ஆனால் வேகமாகப் போகும்போது திடீரெனக் கனத்தால், பழக்கமில்லாதவர் தடுமாறிவிடுவார். அதோடு இரும்பும் இரும்பும் நாளெல்லாம் மோதினால் பக்கத்துப் பற்களும் கெடும். அடுத்த சர்வீஸ் வரை இழுக்காமல் நாள் பார்த்துச் செய்துவிடுங்கள்.

மாற்றும்போது என்ன செய்வார்கள்?

முதலில் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது என்பதை மறந்து வேலை செய்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முன் சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும். ஸ்டீயரிங் வீல் சுற்றிவிடாதபடி சீட் பெல்ட்டாலோ கயிற்றாலோ கட்டி வைக்க வேண்டும்.

ஏன் கட்ட வேண்டும்? இடைத்தண்டைக் கழற்றியதும் வீல் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றும். அதற்குள் கிளாக் ஸ்பிரிங் (வீல் சுற்றினாலும் ஏர்பேக், ஹாரனுக்கு மின்சாரம் அறாமல் கொடுக்கும் சுருள் பட்டை) இருக்கிறது. அளவுக்கு மேல் சுற்றினால் பட்டை அறுந்துவிடும். சத்தத்துக்குப் போன வண்டி, ஏர்பேக் விளக்கு எரிய, ஹாரன் அடிக்காமல் திரும்பி வருவது இப்படித்தான்.

இடைத்தண்டு எந்த நிலையில் பூட்டியிருந்தது என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, காலத்தை இறக்கி, மோட்டாரின் போல்ட்டுகளைக் கழற்றினால் ரப்பர் கைக்கு வந்துவிடும். துண்டாக வராது, பெரும்பாலும் துகளாகத்தான் கொட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் துகளையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். சில மாடல்களில் காலத்தை இறக்காமலே மோட்டாரை மட்டும் பிரிக்க இடம் இருக்கும். பொருளின் விலையைவிடக் கூலிதான் அதிகம் வரும். பிரித்துப் பூட்டுவதுதான் வேலையே. அதனால் கூலியில் பேரம் பேசலாம், “சும்மா ரப்பர்தானே” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ராக்கை டைட் பண்ணினால் போகாதா?

நம் ஊரில் சத்தம் என்றாலே இதைச் செய்துவிடுகிறார்கள். ராக்கில் ஒரு அட்ஜஸ்டிங் நட் இருக்கும். உள்ளே பற்கள் ஆட்டம் கண்டிருந்தால் அதைக் கொஞ்சம் இறுக்குவது சரியான வைத்தியம்தான். ஆனால் கோளாறு கப்ளிங்கில் இருக்கும்போது ராக்கை இறுக்கினால் சத்தம் அப்படியே இருக்கும், புதிதாக இன்னொரு தொல்லையும் வரும். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால், ஸ்டீயரிங் தானாக நேராக வர வேண்டும். அதிகமாக இறுக்கிய ராக் அப்படி வராது. நீண்ட பயணத்தில் இது தோள்பட்டையைப் பதம் பார்க்கும், வழுக்கும் சாலையில் ஆபத்தும்கூட.

“அலைன்மென்ட் பண்ணினா சரியாயிடும்” என்பதும் அதே ரகம். டை ராடு எண்ட் மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம். மற்றபடி, சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்து இந்த ‘டொக்’கை நிறுத்த முடியாது.

பணம் கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பழைய ரப்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மிச்சம் இருக்கும் துண்டின் கைகள் மெலிந்தோ உடைந்தோ இருக்க வேண்டும். முழுசாகப் புதுசுபோல இருந்தால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பிறகு நிறுத்திய காரில் அதே இரண்டு விரல்கடை ஆட்டம். அடுத்து மெதுவாக ஒரு சுற்று: நேர் சாலையில் வீல் கோணலாக இருக்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, திருப்பிவிட்டால் தானாக நடுவுக்கு வருகிறதா என்று பாருங்கள்.

வீல் கோணலாக இருந்தால் இடைத்தண்டை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கலாம். திரும்பப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். இழுத்தாலோ ஸ்டீயரிங் விளக்கு எரிந்தாலோ ஸ்கேனர் வைத்து காலிப்ரேஷன் (நேர்நிலை எது என்று கணினிக்கு மறுபடி சொல்லிக்கொடுப்பது) செய்ய வேண்டும். இதற்குத் தனியாகக் காசு கேட்டால், வேலையை முடிப்பதில் அதுவும் ஒரு பகுதி என்று சொல்லுங்கள்.

புது ரப்பர் போட்ட பிறகு, கார் நிற்கும்போதே ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் பழக்கத்தைக் குறையுங்கள். மோட்டார் அதிகபட்சம் திணறுவது அப்போதுதான். வண்டியைத் துளி நகர்த்திக்கொண்டே திருப்பினால் போதும். டயரில் காற்று குறைந்தாலும் மோட்டாருக்கு அதே பாடுதான். அதனால் மாதம் ஒருமுறையாவது முன் டயர்களின் காற்றைப் பார்த்துவிடுங்கள்.